2014-ல வாங்குன டெஸ்க்டாப், எஸ்எஸ்டி ராம் போட்டு ஓட்டவா இல்ல புதுசே வாங்கிரவா? (பேஜ்மேக்கர் வேலை)

புதுவயல்_அச்சுக்கடை

வணக்கம்ணே எல்லாருக்கும். புதுவயல்ல சின்னதா டிடிபி, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, சாந்தி (அறுபதாம் கல்யாணம்) பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ரைஸ்மில்லுக்கு பில்புக் இதான் வேலை. இடையில பட்டா சிட்டா எடுத்துக் குடுக்குறது, பரீட்சைக்கு அப்ளிகேசன் போட்டுக் குடுக்குறதுன்னு நெட்டு வேலையும் ஓடும்.

கம்ப்யூட்டர் 2014 ஆவணில வாங்குனது. ஐ3-4130, எச்81 போர்டு, 4 ஜிபி ராம் ஒத்தக் குச்சி, 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 7 அதுவும் 32 பிட். பதினோரு வருசம் சோறு போட்ட மிசினு, குறை சொல்ல வாய் வரல. ஆனா ஒரு ஆறு மாசமா படுத்துது. காலைல சுவிட்ச போட்டுட்டு எதுத்தாப்ல டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் அந்த வட்டம் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. பேஜ்மேக்கர்ல (பத்திரிகை பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்) போட்டோ வச்ச ஃபைல சேவ் குடுத்தா அப்படியே நின்னுரும், உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம், அப்புறம் திடீர்னு உசுரு வந்து ஓடும். கரண்டு போய் வந்தா தேதி பழைய வருசத்துக்குப் போயிருது, அப்ப எந்த வெப்சைட்டும் திறக்காது, கடிகாரம் தப்புன்னு சிவப்பா ஒண்ணு காட்டும். குரோமும் பழசோட நின்னுபோச்சு, அப்டேட்டே ஆக மாட்டேங்குது. இன்னொண்ணு, வெறுங்கால்ல நின்னு கேபினெட்ட தொட்டா சுர்ருங்குது.

காரைக்குடில ஒரு கடைல காட்டுனேன். திறந்து கூட பாக்கல, போர்டு போச்சு தம்பி மொத்தமா மாத்தணும் 38,000 ஆகும்னுட்டாங்க. என்கிட்ட இருக்குறது 20,000, அதுவும் தை முகூர்த்தத்துல மிச்சம் புடிச்சது. வைகாசி முகூர்த்தத்துக்கு வேலை வர ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணணும். எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கு) 240 ஜிபி ஒண்ணும், ராம் 8 ஜிபியும் போட்டா இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடுமா? இல்ல வீண் செலவா?

கோட்டையூர்_கேமர்

அண்ணே பதினோரு வருசம்னா அது கம்ப்யூட்டர் இல்லண்ணே, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல கொண்டுபோய் வச்சீங்கன்னா மரத்தூண் பீங்கான் ஜாடியோட சேத்து ஆன்டிக்னு வெள்ளைக்காரன் வாங்கிட்டுப் போவான் 😂

சீரியஸா சொல்றேன், அதுல ஒத்த ரூவா போடாதீங்க. ஐ3-12100, எச்610 போர்டு, 8 ஜிபி, 512 ஜிபி என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி), இது போதும், உங்க வேலைக்கு கிராபிக்ஸ் கார்டே வேணாம். ஐ3-ன்னு இளக்காரமா நினைக்காதீங்க, உங்க பழசுல 2 கோர், இதுல 4 கோர் 8 திரெட்டு. என்ன, 2025 கடைசில இருந்து ராம் விலை தாறுமாறா ஏறிக் கிடக்கு, இந்த ஏஐ கம்பெனிக்காரனுக எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறானுக, அதனால 20,000-க்குள்ள மானிட்டர் இல்லாம கூட அடங்குமான்னு சந்தேகம்தான்.

கண்டனூர்_காளை

ராம் மட்டும் கூட 8 ஜிபி போடுங்க பாஸ், பறக்கும். எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சோம்.

சால்டரிங்_சாமி

தம்பி, மேல சொன்ன ரெண்டையும் இப்ப செய்யாதீங்க. நான் காரைக்குடில முப்பது வருசமா இந்த வேலைதான், இப்ப கண்ணு சரியில்லாம கடைய பையன்கிட்ட விட்டுட்டேன், அதனால யாவாரத்துக்காகச் சொல்றேன்னு நினைக்க வேணாம்.

முதல்ல ராமு. உங்க விண்டோஸ் 32 பிட். அதுக்கு மொத்தமே 4 ஜிபிக்கு மேல கண்ணு தெரியாது, அதுலயும் 3.2ல இருந்து 3.5 வரைக்கும்தான் வேலைக்கு வரும். நீங்க 8 என்ன 16 போட்டாலும் அது பாட்டுக்கு சும்மா சொருகிக் கிடக்கும். மை கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்டீஸ் பாருங்க, அதுலயே "யூசபிள்"னு எழுதியிருக்கும். கண்டனூர் தம்பி வீட்ல 64 பிட்டா இருந்திருக்கும்.

தேதி மாறுறது போர்டு கோளாறு இல்ல. போர்டு மேல எட்டணா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட், நாப்பது ரூவா. அது செத்தா கரண்டு போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய காலத்துக்குப் போயிரும். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஒரு சர்டிபிகேட் உண்டு, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும்னு. உங்க மிசின் 2013-ல உக்காந்துக்கிட்டு இன்னைக்கு எழுதுன சர்டிபிகேட்ட பாத்தா, இது இன்னும் பொறக்கவே இல்லையேன்னு கதவ சாத்திரும். நாப்பது ரூவா கதை இது. இதுக்குப் போய் போர்டு போச்சுன்னு சொன்னவங்கள நான் என்னத்தச் சொல்ல.

இப்ப முக்கியமான விசயம், அந்த டிக் டிக் சத்தம். அது ஹார்ட்டிஸ்க். உள்ள தட்டு நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்துது, படிக்கிற ஊசி ஓடி ஓடித் தேடுது, ஒரு இடத்துல படிக்க முடியலன்னா திரும்பப் போயி திரும்பப் போயிப் பாக்கும், அந்த நேரம்தான் உங்களுக்கு எல்லாம் நின்ன மாதிரி தெரியிறது. மிசின் மெதுவா இல்ல, டிஸ்க்கு சாகக் கிடக்கு. அதனால அப்கிரேடா புதுசாங்குறத அப்புறம் பேசிக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, வேற மிசின்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டுபோயி ஓட்டி, 05, சி5, சி6 (கெட்டுப்போன இடத்த எண்ணுறது) இந்த மூணு வரிசைல என்ன நம்பர் இருக்குன்னு எழுதுங்க. அதுவரைக்கும் டீஃப்ராக் கீஃப்ராக், செக்டிஸ்க் எதுவும் ஓட்டிராதீங்க, சாகக் கிடக்குறவன மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி ஆயிரும்.

கேபினெட்டையும் திறந்து பாருங்க. புதுவயல்னா உமி, தவிடு, சொல்லவே வேணாம்.

ஷாக்கு பத்தி தனியா சொல்றேன், அது விளையாட்டு இல்ல. உங்க பிளக்கு ரெண்டு முள்ளா மூணு முள்ளா?

தேவகோட்டை_டிடிபி

நானும் அதே தொழில்தாண்ணே, அதனால கம்ப்யூட்டர் ஸ்பீடு பத்தி நான் பேசல, பேஜ்மேக்கர் பத்தி மட்டும் கேக்குறேன். இத சொல்லாம எல்லாரும் புதுசு வாங்கு புதுசு வாங்குன்னா நீங்க புதுசு வாங்கி வச்சிக்கிட்டு வைகாசில கைய பிசைஞ்சிக்கிட்டு நிப்பீங்க. நான் நின்னேன்.

2022-ல எனக்கும் இதே நிலைமை. பழச எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு புதுசு வாங்குனேன், விண்டோஸ் 11. முதல் இடி என்னன்னா விண்டோஸ் 11-ல 32 பிட்டே கிடையாது. பேஜ்மேக்கர் 7 ஒரு மாதிரி தள்ளாடி ஏறிருச்சு. ஆனா தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் டாங்கிள் (சொருகுனாத்தான் சாஃப்ட்வேர் ஓடுற லைசென்ஸ் குச்சி) வச்சது, அதோட டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான், 64 பிட்ல 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது, எந்த தில்லாலங்கடி பண்ணாலும். அந்தக் கம்பெனி கடைய சாத்தி எத்தனையோ வருசமாச்சு, புது டிரைவருக்கு யார்கிட்ட போக? பழைய லேசர் பிரிண்டருக்கும் அதே கதி.

அப்புறம் ஃபான்ட்டு. நம்ம பழைய ஃபைல் எல்லாம் யூனிகோடு (எல்லா மிசின்லயும் ஒரே மாதிரி தெரியிற பொது எழுத்துமுறை) கிடையாது, பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. ஃபான்ட்டு இல்லாத மிசின்ல அந்த ஃபைல திறந்தா "இளையாத்தங்குடி கோவில் ஒக்கூருடையார்"னு அடிச்ச இடத்துல எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கிடக்கும். நம்ம ஊர்ல ஒரு பத்திரிகைய மறுபடி அடிக்கிறதுன்னா சும்மாவா, கோவில், பிரிவு, ஐயா பேரு, அப்பத்தா பேரு, மாமக்காரங்க, பங்காளி, ஒரு இனிசியல் மாறுனா போதும், கட்டு மொத்தமும் திரும்பி வந்துரும். பத்து வருசத்து ஃபைல் இருந்தா அதே குடும்பத்துக்கு அடுத்த பத்திரிகை அடிக்க பத்து நிமிசம். அந்த ஃபைல்கள்தான் கடையோட சொத்து, மிசின் இல்ல.

கடைசில எக்ஸ்சேஞ்சுல குடுத்த அதே மாதிரி பழசு ஒண்ண 4,500 குடுத்துத் திரும்ப வாங்குனேன், இத வீட்ல இன்னும் சொல்லல 🙈

அதனால கேள்வி: உங்க கீபோர்டு சாஃப்ட்வேர் டாங்கிளா? பிரிண்டர் எந்தக் காலத்தது?

புதுவயல்_அச்சுக்கடை

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிண்ணே. டாங்கிள்தான், பச்சக் கலர்ல, யூஎஸ்பி. பிரிண்டரும் 2010-க்கு முந்தி வாங்குன லேசரு. நீங்க சொன்னப்புறம்தான் வயித்தக் கலக்குது, ஏன்னா நானும் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் பேசி வச்சிருந்தேன்.

சாமிண்ணே, கேபினெட்ட திறந்தேன். சொன்னா நம்ப மாட்டீங்க, ப்ராசஸர் ஃபேனுக்கும் அந்த வெள்ளி ரெக்கைக்கும் நடுவுல உமித்தூசி மெத்தை மாதிரி படிஞ்சு, விரல்ல எடுத்தா துணி கணக்கா ஒரே துண்டா வருது. எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்டு பிரிச்சுக் குடுக்குற பெட்டி) பின்னாடி ஃபேன் சுத்தவே இல்ல, குச்சியால தள்ளுனா அரை சுத்து சுத்தி நிக்குது.

பிளக்கு மூணு முள்ளுதான் ஆனா சுவத்துல இருக்குறது ரெண்டு ஓட்டை. கடை ஒரு பழைய செட்டியார் வீட்டு முகப்புல வாடகைக்கு இருக்கு, மரப்பலகைல கருப்பு வட்ட சுவிட்சு, அந்தக் காலத்து வயரிங். மூணு முள்ள ரெண்டாக்குற ஒரு பின் போட்டுத்தான் எக்ஸ்டென்சன் இழுத்திருக்கேன்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சக்கலர்ல "காசன்"னு (எச்சரிக்கை) காட்டுது. 05-ல 0, சி5-ல 18, சி6-ல 18. ஓடுன மணிநேரம் 31,000 சொச்சம். 18-ங்குறது கம்மிதானே? பதினொரு வருசத்துக்கு 18 பரவாயில்லையோன்னு தோணுது.

சால்டரிங்_சாமி

அது 18 இல்ல தம்பி. அந்த சாஃப்ட்வேர் கடைசிக் கட்டத்துல இருக்குற நம்பர ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ணுற கணக்கு) காட்டும், நீங்களா மாத்தலன்னா. ஹெக்ஸ் 18-ன்னா நம்ம கணக்குல 24. 24 இடத்துல எழுதி வச்சத படிக்க முடியாமத் திணறுதுன்னு அர்த்தம். எண்ணிக்கை பெருசில்ல, ஆனா இது நேத்து எத்தன இன்னைக்கு எத்தனன்னு ஏறுமே தவிர தானா இறங்குறது அபூர்வம். இன்னைல இருந்து அந்த மிசின்ல புது வேலை எதும் பாக்காதீங்க. முக்கியமான பத்திரிகை போல்டர மட்டும் மொதல்ல பென்டிரைவ்ல எடுத்துருங்க, எடுக்கும்போது ஏதாவது ஒரு ஃபைல்ல நின்னா அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

அப்புறம் டிஸ்க்க அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்க. புதுசா விண்டோஸ் போடாதீங்க, டாங்கிள் டிரைவர், ஃபான்ட்டு, பிரிண்டர் எல்லாம் இப்ப எப்படி உக்காந்திருக்கோ அப்படியே வரணும். இங்க ரெண்டு விசயம். 240 வாங்கிறாதீங்க, 480-ம் வேணாம். 500 டிஸ்க்க முழுசா நகல் எடுக்க அதவிட ஒரு பொட்டு பெருசா இருக்கணும், 512 வாங்குங்க. காலியா இருக்குற இடத்த சுருக்கி சின்னதுல அடைக்கலாம்தான், ஆனா சாகக் கிடக்குற டிஸ்க்குல பார்ட்டிசன சுருக்குற வேலை எல்லாம் வேண்டாத வேலை. ரெண்டாவது, சாதாரண குளோன் சாஃப்ட்வேர் கெட்டுப்போன இடத்துல வந்ததும் முறுக்கிக்கிட்டு நின்னுரும். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டம்) பென்டிரைவ்ல பூட் பண்ணி டிடிரெஸ்க்யூங்குற நகல் சாஃப்ட்வேர ஓட்டணும், அது நல்ல இடத்த எல்லாம் முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசில திரும்ப வந்து மெதுவா முயற்சி பண்ணும். எங்க விட்டுச்சுன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கும், நடுவுல கரண்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஆனா எது பழசு எது புதுசுன்னு மூணு தடவ பாத்துட்டு எண்டர் தட்டுங்க. மாத்திக் குடுத்துட்டீங்கன்னா காலி டிஸ்க்கக் கொண்டுபோய் உங்க பத்து வருசத்து மேல எழுதி வச்சிரும்.

எச்81 போர்டுல சாட்டா போர்ட் (டிஸ்க் ஒயர் சொருகுற இடம்) ரெண்டு செகண்டுக்கு 6 ஜிகாபிட் வேகம், மத்தது 3 ஜிகாபிட். எஸ்எஸ்டிய 6-ல சொருகுங்க, பக்கத்துலயே சின்னதா எழுதியிருக்கும். பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்) டிஸ்க்கு பழைய ஐடிஇ மோடுல இருந்துச்சுன்னா அவசரப்பட்டு புது ஏஎச்சிஐ மோடுக்கு மாத்தாதீங்க, விண்டோஸ் 7 நீலத் திரை போட்டுரும், அதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரில ஒரு வேலை இருக்கு. புரியலன்னா கேளுங்க.

இப்ப ஷாக்கு. எஸ்எம்பிஎஸ் உள்ள கரண்டு நுழையிற இடத்துல இரைச்சல வடிகட்ட ரெண்டு குட்டி கெப்பாசிட்டர், ஒண்ணு பேஸ்ல இருந்தும் ஒண்ணு நியூட்ரல்ல இருந்தும் பாடிக்குப் போகும். எர்த்து இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குள்ள போயிரும். எர்த்து இல்லைன்னா 230-ல பாதி, 115 வோல்ட்டு கிட்ட கேபினெட்டு மேல மிதக்கும், டெஸ்டர் வச்சுப் பாருங்க மினுக்குனு எரியும். கரண்டு அளவு ரொம்ப கம்மி, அதனாலதான் சுர்ருன்னு மட்டும் இருக்கு. ஆத்தங்குடி தரைல வெறுங்கால்ல நிக்கிறீங்க, கேக்கணுமா. ஆனா நிஜமாவே உள்ள எங்கயாவது லீக்கா இருந்தாலும் இதே சுர்ருதான் வரும், வித்தியாசம் தெரியாது, அதான் பயம். பிரிண்டர் கேபிள் சொருகும்போது யூஎஸ்பி போர்ட்டும் அடிபடும். புதுசு வாங்கினாலும் இதே சுவத்துல சொருகுனா அதுக்கும் இதேதான். எலக்ட்ரீசியன கூப்பிட்டு எர்த்து இழுங்க, எஸ்எம்பிஎஸ்ஸ மாத்துங்க.

கோட்டையூர்_கேமர்

சாமிண்ணே, அப்ப நெட்டு? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்ட் கைகழுவிருச்சு. குரோம் 109-தான் அதுல ஓடுற கடைசி வெர்சன், 2023-ல நின்னது. அதுல போய் அடுத்தவங்க ஆதார் நம்பர், பேங்க் டீடெய்ல் அடிக்கிறது சரியா? எஸ்எஸ்டி போட்டா வேகமா ஆகும், அவ்வளவுதான், வேகமா வைரஸ் வாங்கும் 😄

ஐ3-4130-ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, இன்டெல் 8-ஆவது ஜெனரேசனும் டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்பு சிப்பு) கேக்கும். விண்டோஸ் 10-ம் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு. அதனால என் கட்சி இன்னும் புதுசுதான்.

கண்டனூர்_காளை

லினக்ஸ் போடுங்க, ஃப்ரீ, வைரஸும் கம்மி. பேஜ்மேக்கர வைன்ல (லினக்ஸ்ல விண்டோஸ் சாஃப்ட்வேர ஓட்டுறது) ஓட்டலாம்.

தேவகோட்டை_டிடிபி

வைன்ல ஓட்டலாம், டாங்கிள யாரு ஓட்டுறது? 🙏

கானாடுகாத்தான்_கணக்கு

ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க, சண்டை ஒரே மிசின வச்சுப் போடுறதுனாலதான். தம்பி, உங்க கடைல ரெண்டு வேலை ஓடுது. ஒண்ணு பத்திரிகை, அதுக்கு நெட்டே வேணாம். இன்னொண்ணு நெட்டு வேலை, அதுக்கு பேஜ்மேக்கர் வேணாம். நான் அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், எங்க ஆபீஸ்லயும் ஒரு பழைய மிசின்ல 2008-ல இருந்து வந்த கணக்கு சாஃப்ட்வேர் கிடக்கு, நெட்டு ஒயர புடுங்கி மூலைல வச்சிருக்கோம், அது பாட்டுக்கு இருக்கு.

பழசுக்கு எஸ்எஸ்டி போட்டு பத்திரிகைக்கு மட்டும் வச்சிக்கோங்க, லேன் ஒயர கழட்டிருங்க, வைஃபை குச்சி இருந்தா அதையும். நெட்டு வேலைக்கு புதுசு வேணாம், ஆபீஸ்ல இருந்து கழிச்சு விடுற ரீஃபர்பிஷ்டு மிசின் வாங்குங்க. அதுல ஏமாத்துற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: "ஐ5 சார் ஐ5"னு சொல்லி ஐ5-6500 குடுப்பாங்க. கோட்டுக்கு அப்புறம் வர்ற முதல் நம்பர பாருங்க, 8-ல ஆரம்பிக்கணும். ஐ5-8500 கிடைச்சா நல்லது, 6 கோர், 2018 மாடல், விண்டோஸ் 11 முறைப்படியே ஏறும். 6-ம் 7-ம் சும்மா குடுத்தாலும் இந்த வேலைக்கு வேணாம். டிபிஎம் இருக்கான்னு கடையிலயே ரன்ல போயி டிபிஎம்.எம்எஸ்சி அடிச்சுப் பாத்துருங்க. இன்னொண்ணு, இந்த பிராண்டட் சின்னப் பெட்டில எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் பெரும்பாலும் அவங்க சொந்த டைப்பு, கடைல விக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் உள்ள போகாது. அதனால எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேத்து வாரண்டி எழுதி வாங்குங்க, வாயால சொல்றத நம்பாதீங்க.

பார்ட்டி கொண்டுவர்ற பென்டிரைவ புது மிசின்ல மட்டும் சொருகுங்க. போட்டோவ அங்க எடுத்து ஸ்கேன் பண்ணிட்டு, உங்களுக்குன்னு ஒரு தனி பென்டிரைவ் வச்சு பழசுக்கு மாத்துங்க. பத்திரிகை கடைல வைரஸ் நெட்டு வழியா வர்றதவிட மாப்பிள்ளை வீட்டு பென்டிரைவ் வழியாத்தான் ஜாஸ்தி வரும், ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப் போயிரும், பாத்திருப்பீங்களே.

தேவகோட்டை_டிடிபி

அக்கா சொன்னதுதான் சரி. நான் ஒண்ணு மட்டும் சேக்குறேன், பேஜ்மேக்கர்ல யுடிலிட்டீஸ் மெனுல பிளக்இன் உள்ள "சேவ் ஃபார் சர்வீஸ் புரொவைடர்"னு ஒண்ணு இருக்கு, யாரும் தொட்டிருக்க மாட்டீங்க. படமும் ஃபான்ட்டும் ஃபைலும் ஒரே போல்டர்ல சேந்துரும். அப்புறம் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பிடிஎஃப். ஃபைல் செத்தாலும் பிடிஎஃப் பாத்தாவது பேரு எழுத்துப் பிசகாம அடிக்கலாம். நகல் எடுத்து முடிஞ்சதும் அந்த டிஸ்க்க டிஸ்க்2விஎச்டிங்குற சாஃப்ட்வேர் வச்சு ஒரு இமேஜா (மொத்த டிஸ்க்கும் ஒரே ஃபைலா) மாத்தி வச்சிக்கோங்க, என்னைக்காவது போர்டே போனா புது மிசின்ல வர்ச்சுவல்பாக்ஸ் (மிசினுக்குள்ள இன்னொரு மிசின் மாதிரி ஓடுற சாஃப்ட்வேர்) உள்ள அதே விண்டோஸ் 7-அ ஓட்டிப் பாக்கலாம். டாங்கிளயும் உள்ள விடலாம், எனக்கு ஓடுச்சு, பிரிண்டு மட்டும் பிடிஎஃப் எடுத்து வெளில இருந்து குடுக்குறேன்.

புதுவயல்_அச்சுக்கடை

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. முடிஞ்சிருச்சு.

டிடிரெஸ்க்யூ நைட்டு பத்து மணிக்குப் போட்டது. காலைல பாத்தா 99 சொச்சத்துல நின்னு அந்த மிச்சத்துக்கு மட்டும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் முக்கிக்கிட்டு இருந்துச்சு. மொத்தம் 12 கேபிக்கும் கொறவாத்தான் வரலன்னு காட்டுச்சு. எஸ்எஸ்டிய மாட்டி சுவிட்ச போட்டேன், டீக்கடைக்குப் போகலாம்னு செருப்ப மாட்டுறதுக்குள்ள டெஸ்க்டாப் வந்து நிக்குது. 35 செகண்டு. பேஜ்மேக்கர் திறந்துச்சு, டாங்கிள் பச்ச லைட்டு எரிஞ்சுச்சு, ஃபான்ட்டு அத்தனையும் அப்படியே இருக்கு. மோடு ஏற்கனவே ஏஎச்சிஐதான், அந்த நீலத்திரை பயம் இல்லாமப் போச்சு.

எர்த்துக்குத்தான் பெரும்பாடு. வீட்டுக்கார ஆச்சி, செவுத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. வெள்ளைக்கரு சுண்ணாம்புப் பூச்சு, இன்னைக்கும் கைய வச்சா பீங்கான் மாதிரி வழுக்கும், அதுல டிரில் போட்டா யாருக்குத்தான் மனசு வரும். அப்புறம் எலக்ட்ரீசியன் அண்ணன் திண்ணை ஓரமா வெளில குழி எடுத்து எர்த்து ராடு அடிச்சு, பைப்பு வழியா ஜன்னல் கம்பிக்குக் கீழ கொண்டுவந்து தனி போர்டு போட்டுக் குடுத்தாரு, செவுத்த தொடவே இல்ல. ஆச்சியே வந்து பாத்துட்டு காப்பி குடுத்தாங்க. இப்ப கேபினெட்ட தொட்டா ஒண்ணும் இல்ல.

நெட்டு வேலைக்கு ஐ5-8500, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி மதுரைல இருந்து எடுத்தேன். முதல் கடைல நிஜமாவே 6500-அதான் காட்டுனாங்க, அக்கா சொன்னது ஞாபகம் வந்து திரும்பி வந்துட்டேன். பழைய மானிட்டர் ஒண்ணு வீட்ல கிடந்துச்சு, அத மாட்டியாச்சு.

செலவு: எஸ்எஸ்டி 4,200, பேட்டரி 40, எஸ்எம்பிஎஸ் 1,350, ரீஃபர்பிஷ்டு 14,000, எர்த்து வேலை 900. மொத்தம் 20,490. பட்ஜெட்ட விட 490 கூட, போகட்டும். ராம் வாங்கவே இல்ல.

ஒண்ணு மட்டும் நஷ்டம். படிக்க முடியாத அந்த 12 கேபி எங்க போய் விழுந்துச்சுன்னு தேடுனா, 2016 வைகாசில அடிச்ச ஒரு கண்ணீர் அஞ்சலியோட போட்டோ ஃபைல். மூக்குக்குக் கீழ சாம்பலா ஒரு பட்டை, அதுக்கு அப்புறம் படமே இல்ல. இந்த வைகாசி பத்தாவது வருசம், அந்த வீட்ல இருந்து கண்டிப்பா நினைவஞ்சலிக்கு வருவாங்க, போட்டோ எங்கிட்டதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு.

சால்டரிங்_சாமி

பழைய டிஸ்க்க தூக்கிப் போட்டுறலையே? மேப் ஃபைல் இருந்தா அந்தக் கெட்ட இடத்த மட்டும் இன்னொரு பத்து தடவ முயற்சி பண்ணச் சொல்லலாம். சில டிஸ்க்கு குளிர்ந்த நேரத்துல விடியக்காலைல படிச்சிரும். வரும்னு உறுதி குடுக்க மாட்டேன்.

கானாடுகாத்தான்_கணக்கு

பிளக்ஸ் அடிச்ச இடத்துலயும் ஒரு வார்த்தை கேளுங்க தம்பி, அவங்க சிலபேரு வருசக்கணக்குல அழிக்கவே மாட்டாங்க.

புதுவயல்_அச்சுக்கடை

டிஸ்க்கு இருக்குண்ணே, நாளைக்கு விடியக்காலைல போட்டுப் பாக்குறேன். பிளக்ஸ் கடைல இல்லன்னுட்டாங்க. ஆனா எங்கப்பா அந்தக் காலத்துப் பழக்கம், புரூஃப் பாத்துக் கையெழுத்து வாங்குன பேப்பர எல்லாம் கம்பில குத்தி வைப்பாரு. நேத்து அந்தக் கம்பிய உருவித் தேடுனா அடில இருந்துச்சு, போட்டோ முழுசா, ஓரத்துல "பெயர் சரி, வயது 81 என மாற்றவும்"னு பென்சில்ல எழுதி. ஓட்டை நல்லவேளை மூலைல விழுந்திருக்கு. ஸ்கேன் பண்ணி ரெண்டு மிசின்லயும் போட்டு வச்சிட்டேன்.